கடைசி பெஞ்சும் பாட வேண்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உலைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இரும்பு உருக்கும் ஆலைகளும் ரோலிங் மில்களும் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. அறைக்குப் போய்ப் படுக்காமல் குளித்துவிட்டு நேரே ஆராதனைக்குப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. போவதற்கு இடங்களுக்குப் பஞ்சமில்லை. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் என்று இந்த வட்டாரம் முழுவதும் சி.எஸ்.ஐ. ஆலயங்கள், கத்தோலிக்கப் பங்குகள், பெந்தெகொஸ்தே சபைகள், வாடகைக் கட்டடத்தின் மாடியில் கூடும் சின்னச் சின்ன ஜெப வீடுகள் எனப் பல வகை. ஞானஸ்நானம் கொடுக்கும் முறையில் தொடங்கி நற்கருணையின் பொருள் வரைக்கும் இவை தங்களுக்குள் வேறுபடுகின்றன. ஆனால் கூடி வந்தவர்கள் வாய்திறந்து பாட வேண்டும் என்பதில் எல்லாமே ஒன்று. பிரசங்கம் ஒருவருடையது, திருப்பலியோ திருவிருந்தோ ஆசாரியரின் கையில் இருக்கிறது, பாட்டு மட்டும்தான் பெயர் தெரியாத கடைசி பெஞ்சுக்காரருக்கும் சொந்தம். ஆகவே ஒரு சபையின் பாட்டு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் மேடை அல்ல, அந்தக் கடைசி பெஞ்சு. மெட்டு, சுருதி, வாத்தியம், மைக், புதுப் பாட்டா பழைய பாட்டா என்கிற தேர்வு, எல்லாவற்றையும் அந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதே என் வாதம். அதற்கான சான்றுகள் இரண்டாயிரம் ஆண்டுத் திருச்சபை வரலாற்றில் இருக்கின்றன. திருவள்ளூர் மண்ணிலும் இருக்கின்றன.

தமிழருக்குக் கூட்டுப் பாட்டு புதிதல்ல. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் கோஷ்டியாக நின்று திவ்யப் பிரபந்தம் சேவிக்கிறார்கள். மார்கழியில் பஜனைக் குழு வீதி சுற்றுகிறது. சிவன் கோயிலில் ஓதுவார் தேவாரம் பாடுகிறார். இவற்றில் சிலவற்றில் பாடும் உரிமையும் பயிற்சியும் குறிப்பிட்ட சிலரிடம் இருக்கும். மற்றவர் கேட்டு உருகுவார்கள். கிறிஸ்தவ வழிபாட்டில் தொடக்கத்திலேயே வேறொரு வழக்கம் வேரூன்றியது. கொலோசெயருக்கும் எபேசியருக்கும் எழுதிய நிருபங்கள், சங்கீதங்களாலும் கீர்த்தனைகளாலும் ஒருவருக்கொருவர் போதித்துக்கொள்ளும்படி சபையாரைக் கேட்டுக்கொள்கின்றன. பாட்டு கடவுளை நோக்கிப் போகிறது. அதே நேரத்தில் பக்கத்தில் நிற்பவரையும் நோக்கிப் போகிறது. சுமார் 112ஆம் ஆண்டில் பித்தினியா மாகாணத்தை ஆண்ட பிளினி என்ற ரோம அதிகாரி, கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேரரசர் திராஜானுக்கு எழுதிய கடிதத்தில், அவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியும் முன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகக் கருதி மாறி மாறிப் பாடுகிறார்கள் என்று தெரிவிக்கிறார். விடியும் முன் என்பதைக் கவனிக்க வேண்டும். ஞாயிறு ரோமப் பேரரசில் ஓய்வு நாளானது 321இல் கான்ஸ்டன்டைன் ஆணையிட்ட பிறகுதான். அதுவரை வேலைக்குப் போகும் முன்போ, வேலை முடிந்த பின்போ கூடித்தான் பாடினார்கள். அவர்களில் அடிமைகளும் கைவினைஞரும் இருந்தார்கள். ஷிப்டுக்கு நடுவே ஆராதனைக்கு ஓடிவரும் தொழிலாளி ஆதித் திருச்சபைக்கு மிக நெருக்கமான உறவினர்.

இந்த உரிமை பிறகு கைநழுவிப் போனது. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், நியமிக்கப்பட்ட பாடகர்களைத் தவிர மற்றவர்கள் ஆலயத்தில் பாடக் கூடாது என்று விதித்தது. ஒழுங்கு கெடுகிறது என்ற கவலை அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். காரணம் எதுவானாலும், அடுத்த பல நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பாவில் பாட்டு துறவிகளிடமும் பயிற்சி பெற்ற பாடகர் குழுக்களிடமும் போய்ச் சேர்ந்தது. அந்த இசையின் அழகை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த உழவருக்கு அதன் லத்தீன் புரியவில்லை. வாய் சேர்க்கவும் இடமில்லை. 1524இல் மார்ட்டின் லுத்தரின் முதல் ஜெர்மன் பாட்டுப் புத்தகங்கள் அச்சானபோது மக்களுக்கு அவர்கள் மொழியும் கிடைத்தது, பாட்டும் கிடைத்தது. சீர்திருத்தக்காரர்கள் எல்லோரும் இதில் ஒருமனப்பட்டவர்கள் அல்லர். நல்ல இசைஞரான ஸ்விங்ளியே சூரிக் நகர ஆலயங்களில் பாட்டை நிறுத்திவிட்டார். ஜெனீவாவில் கால்வின் நடுவழி ஒன்றைப் பிடித்தார்: வாத்தியம் வேண்டாம், பல குரல் அடுக்கும் வேண்டாம், சங்கீதப் புத்தகத்தின் 150 சங்கீதங்களையும் சபை முழுவதும் ஒரே குரலாகப் பாடட்டும். அந்தத் தொகுப்பு 1562இல் முழுமையடைந்தது. அது நெதர்லாந்துக்குப் போய், டச்சுச் சீர்திருத்த சபையின் பாட்டாகியது. நம் வட்டாரத்துக்கு அது வெகு தூரத்துச் செய்தி அல்ல. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1630களில் அங்கே போதகராக இருந்த ஆபிரகாம் ரொகேரியுஸ் அந்தச் சபையைச் சேர்ந்தவர்தான். சோழமண்டலக் கரையில் பிராமணர் ஒருவரிடம் கேட்டறிந்து இந்து சமயம் பற்றி அவர் எழுதிய நூல் 1651இல் வெளிவந்தது. பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் டச்சுக் கல்லறைகளின் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்; சபை முழுவதும் சேர்ந்து பாடும் வழக்கமுள்ள ஒரு திருச்சபை நம் கரையில் காலூன்றிய இடமும் அதுதான் என்பதை யாரும் சொல்வதில்லை.

தமிழில் சபைப் பாட்டு அச்சேறியது தரங்கம்பாடியில். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, பத்தாண்டுகள் முடிவதற்குள், 1715இல் தமிழ்ப் பாட்டுப் புத்தகம் ஒன்றை வெளிக்கொணர்ந்தார். ஜெர்மன் மெட்டுக்குத் தமிழ்ச் சொற்களைப் பொருத்திய பாடல்கள் அவை. அந்த வேலையை அடுத்த தலைமுறையில் மிகச் சிறப்பாகச் செய்தவர் சென்னை வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியஸ். இன்று பாமாலை என்ற பாட்டுப் புத்தகத்திலும் ஞானப்பாட்டுப் புத்தகத்திலும் அவர் கைவண்ணம் பரவலாக இருக்கிறது. இருந்தாலும் அந்தப் பாடல்களில் ஒரு நெருடல் உண்டு. ஜெர்மன் மெட்டின் அசைக்கணக்குக்குள் தமிழ்ச் சொல்லை நுழைக்கும்போது சொல் உடைகிறது. குறில் நீள்கிறது, நெடில் குறுகுகிறது. சந்தி பிரிந்து பொருள் தடுமாறுகிறது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜியின் காலத்தில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், 1774இல் பிறந்து 1864இல் மறைந்தவர், வேறு வழியில் போனார். கீர்த்தனை, கண்ணி, கும்மி, குறவஞ்சி என்று தமிழரின் காதுக்குப் பழகிய வடிவங்களிலேயே கிறிஸ்துவைப் பாடினார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் இத்தகைய கீர்த்தனைகளைத் தொகுத்துப் பொது ஆராதனைக்காகவே 1853இல் அச்சிட்டார். அதன் பிறகு தமிழ்ச் சபைகளில் பாமாலையும் கீர்த்தனையும் இரண்டு கண்களைப் போல இருந்து வந்திருக்கின்றன.

கீர்த்தனையின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சபை எப்படிப் பாடுகிறது என்பதற்கான விடை அதற்குள் இருக்கிறது. பல்லவி ஓரிரண்டு வரி. பெரும்பாலும் நடு ஸ்தாயியில், எந்தக் குரலுக்கும் எட்டும் இடத்தில் அமர்ந்திருக்கும். அனுபல்லவி மேலே ஏறும். சரணங்கள் கதையைச் சொல்லும், உபதேசத்தை விரிக்கும். ஒவ்வொரு சரணமும் முடிந்ததும் பாட்டு பல்லவிக்குத் திரும்பும். எழுதப் படிக்கத் தெரியாதவர் முதல் தடவையிலேயே பல்லவியைப் பிடித்துக்கொள்வார். சரணத்தை உபதேசியாரோ, பாடத் தெரிந்தவரோ பாடட்டும். திரும்பத் திரும்ப வரும் பல்லவி எல்லோருக்கும் உரியது. நாலைந்து வாரத்தில் சரணமும் மனப்பாடமாகிவிடும். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்டார்கள். படிக்கத் தெரியாதவர் நிறைந்த சபையில் ஒருவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, சபை அதைப் பாடும்படி 1640களில் வெஸ்ட்மின்ஸ்டர் வழிபாட்டு நெறி அனுமதித்தது. வேலை நடந்தது, ஆனால் பாட்டு ஒவ்வொரு வரிக்கும் நின்று நின்று போயிற்று. பல்லவி அந்தத் தடங்கல் இல்லாமல் அதே காரியத்தைச் செய்தது. புத்தகம் வாங்க முடியாதவரையும் முழுப் பங்காளியாக்கும் ஏற்பாடு நம் இசை வடிவத்திலேயே இருந்தது என்பதைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் போதுமான அளவு கொண்டாடவில்லை.

அப்படிப்பட்ட ஏற்பாடு தேவைப்பட்ட மக்கள் திருவள்ளூரைச் சுற்றி ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அப்போது இது செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமானது 1997இல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் திருவள்ளூரையும் அடுத்துள்ள இக்காட்டையும் மையமாகக் கொண்டு வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் வேலை செய்தது. அதன் முன்னணியில் நின்ற வில்லியம் கவுடி, நிலமற்ற பறையர் கூலிகளின் நிலை பற்றி 1894இல் ஒரு மிஷனரி இதழில் தொடர்ந்து எழுதினார். ஏறக்குறைய அதே சமயத்தில் செங்கல்பட்டு கலெக்டர் திரெமன்ஹீர் அரசுக்கு அளித்த குறிப்பும் அதே மக்களின் அடிமை நிலையை ஆதாரத்தோடு வெளிப்படுத்தியது. பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஏற்பாடு அதைத் தொடர்ந்தே வந்தது. குடிசை மனைக்கும் உரிமையில்லாத, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குரலைத் தாழ்த்திப் பேசப் பழக்கப்பட்ட மக்கள் சேரியில் ஒரு கூரைக் கொட்டகையில் கூடி உரக்கப் பாடினார்கள். அவர்களுக்குக் கிடைத்த மதமும் பாட்டை மையமாக வைத்ததுதான். மெதடிஸ்ட் இயக்கத்தின் சார்லஸ் வெஸ்லி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதியவர். அவர் அண்ணன் ஜான் வெஸ்லி 1761இல் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தில், எப்படிப் பாட வேண்டும் என்று ஏழு விதிகள் கொடுத்திருக்கிறார். எல்லோரும் பாட வேண்டும். சோர்வோ பலவீனமோ தடையாக இருக்க விடக் கூடாது. பாதி உறங்கியவர்போல முணுமுணுக்காமல் துணிந்து பாட வேண்டும். அதே சமயம் மற்றவர் குரலை அமுக்கும்படி கத்தக் கூடாது. தாளத்தில் முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தத்தின் இன்பத்தில் மனம் அடித்துக்கொண்டு போகாமல் கடவுள்மேல் நிற்க வேண்டும். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கும் நெசவாளருக்கும் சொல்லப்பட்ட இந்த விதிகளை நைட் ஷிப்ட் முடித்து வரும் கும்மிடிப்பூண்டித் தொழிலாளிக்கு ஒரு எழுத்தும் மாற்றாமல் கொடுக்கலாம். 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்த மெதடிஸ்ட் சபைகளும் அதில் கலந்தன. பெயர் மாறியது, வழிவந்த சொத்து அவர்களிடமே இருக்கிறது.

இத்தனை வலியுறுத்தலுக்குக் காரணம் இருக்கிறது. சேர்ந்து பாடுவது மனிதருக்குள் செய்யும் வேலையை வேறெதுவும் அதே அளவில் செய்வதில்லை. 386இல் மிலான் நகரில் அரசவையின் நெருக்குதலுக்கு எதிராக ஆயர் அம்புரோசும் மக்களும் ஆலயத்துக்குள் இரவும் பகலும் காத்துக் கிடந்தார்கள். துயரத்திலும் களைப்பிலும் மக்கள் துவண்டுபோகாமல் இருக்க, கீழைத் திருச்சபைகளின் வழக்கப்படி பாடல்களும் சங்கீதங்களும் அப்போது அங்கே தொடங்கப்பட்டன என்று அகஸ்டின் பதிவு செய்திருக்கிறார். நம் நாளில் சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் விக்ஹாஃப் என்பவரும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் உள்ளே போய்ப் பார்த்தது. சேர்ந்து பாடுகிறவர்கள் வரியின் முடிவில் ஒரே நேரத்தில் மூச்செடுக்கிறார்கள். மூச்சு ஒன்றாவதால் இதயத் துடிப்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிறது. 2015இல் பிரிட்டனில் நடந்த மற்றோர் ஆய்வில், கைவினை வகுப்பிலோ எழுத்து வகுப்பிலோ சேர்ந்தவர்களைவிடப் பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்கள் ஒருவரோடொருவர் விரைவில் நெருங்கினார்கள். எட்டு மணி நேரம் இயந்திர இரைச்சலில் காதை அடைத்துக்கொண்டு சைகையால் பேசிய ஒருவருக்குத் தன் குரலும் இன்னொருவர் குரலும் சேர்வதைக் கேட்பதே பெரிய ஆறுதல். இது உடம்பும் உறவும் சார்ந்த பயன். விசுவாசம் சார்ந்த பயன் வேறு. பிரசங்கத்தின் மூன்று குறிப்புகள் செவ்வாய்க்கிழமைக்குள் மறந்துவிடும். பாட்டு சாகும் வரை மறப்பதில்லை. நினைவாற்றல் தளர்ந்து பிள்ளைகளின் பெயரையும் மறந்த முதியவர்கள் சிறுவயதில் பாடிய பாட்டை வரி பிசகாமல் பாடுவதை மருத்துவர்கள் நன்கறிவார்கள். அப்படியானால் ஒரு சபை என்ன பாடுகிறதோ, அதுவே நாளடைவில் அந்தச் சபை என்ன நம்புகிறது என்பதாகிறது.

இங்கே ஒரு கனமான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். சேர்ந்து பாடினால் சேர்ந்து வாழ்ந்துவிடுவார்களா? வரலாறு அப்படிச் சொல்லவில்லை. தமிழ்ச் சபைகளில் ஒரே பாட்டைப் பாடியவர்கள் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். வேதநாயகம் சாஸ்திரியாரே இதில் தவறான பக்கம் நின்றார். 1820களில் வந்த புதிய மிஷனரிகள் தமிழ் வேத மொழிபெயர்ப்பை மாற்றியதையும், விழாக்களிலும் திருமணங்களிலும் தமிழிசைக்கும் பூக்களுக்கும் தடை விதித்ததையும் எதிர்த்து அவர் போராடினார்; அதே மூச்சில் சபையில் சாதிகளைக் கலப்பதையும் எதிர்த்தார். கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சாதிப் பாகுபாட்டைச் சபையிலிருந்து அகற்றச் சொன்னபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் பெரும் குழப்பம் மூண்டது. இதை மறைத்துவிட்டுச் சபைப் பாட்டின் புகழைப் பாடுவது நேர்மையாகாது. ஆனால் இதே வரலாற்றில் இன்னொன்றும் நடந்தது. எந்த மக்களோடு ஒன்றாக உட்கார அந்தத் தலைமுறை மறுத்ததோ, அந்த மக்களே அவருடைய கீர்த்தனைகளைச் சேரிச் சபைகளில் எடுத்துப் பாடித் தங்கள் சொத்தாக்கிக்கொண்டார்கள். புலவரின் விருப்பு வெறுப்பைக் கேட்டுப் பாட்டு பரவவில்லை. பாட்டால் சாதி ஒழியாது. அதற்குக் கல்லறைத் தோட்டத்திலும் கல்யாணத்திலும் நிர்வாகக் குழுத் தேர்தலிலும் வேறு போராட்டம் வேண்டும். ஆனாலும் ஒருவரை ஒதுக்கிவைத்துக்கொண்டே அவரோடு ஒரே சுருதியில் பாடுகிற முரண் வாராவாரம் எல்லோர் காதிலும் விழுந்துகொண்டே இருக்கிறது. கேட்க மனமுள்ளவரை அது நிம்மதியாக இருக்க விடாது.

இன்றைய ஆபத்து பாட்டு இல்லாமல் போவது அல்ல. பாட்டு முன்னெப்போதையும்விட அதிகம். பாடுகிறவர்கள்தான் குறைந்துகொண்டு வருகிறார்கள். மேடையில் கீபோர்டு, டிரம்ஸ், கிதார், நாலு மைக், இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர். வொர்ஷிப் டீம் யூடியூபில் கேட்ட பாட்டை அதே சுருதியில், அதே ஏற்ற இறக்கத்தோடு பாட முயல்கிறது. அந்தப் பாட்டைப் பதிவு செய்தவர் உச்ச ஸ்தாயியில் வாழ்கிற தொழில்முறைப் பாடகர். பயிற்சியில்லாத குரல் சிரமமின்றி எட்டுவது ஏறக்குறைய ஒரு ஸ்தாயியும் அதற்கு மேல் ஓரிரண்டு ஸ்வரமும்தான். அதைத் தாண்டும் இடத்தில் ஆண்கள் முதலில் வாயை மூடுகிறார்கள், பிறகு பெண்கள். சத்தம் இன்னொரு தடை. தன் குரல் தன் காதிலேயே விழாதபோது பாடினாலென்ன, பாடாவிட்டாலென்ன என்று மனம் தானாகவே ஒதுங்குகிறது. மாதத்துக்கு நாலு புதுப் பாட்டு வந்தால் பல்லவி மனதில் பதிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இதெல்லாம் நவீன சபைகளின் குறை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. நாலு குரல் பிரித்து ஆங்கில ஆந்தம் பாடும் பழைய சபைப் பாடகர் குழுவும், யாருக்கும் பழக்கமில்லாத மெட்டில் வாரம் ஒரு பாமாலையை இழுத்து முடிக்கும் ஆர்கனும் இதே தவற்றைச் செய்யக்கூடியவைதான். லவோதிக்கேயாவில் விதியால் பறித்ததை இங்கே வழக்கத்தால் பறிக்கிறோம்.

கடவுளுக்குச் சிறந்ததைக் கொடுக்க வேண்டாமா, அபசுரம் தட்டுகிற நூறு பேரைவிடச் சுத்தமாகப் பாடுகிற பத்துப் பேர் மேல் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. இசையை உயிராக நேசிப்பவர்களின் கேள்வி இது; அலட்சியம் செய்யக் கூடாது. தனிப் பாட்டுக்கும் பாடகர் குழுவுக்கும் ஆராதனையில் இடம் உண்டு. கேட்பதும் வழிபாடுதான். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு மக்களின் முழுமையான பங்கேற்பை வற்புறுத்துகையில் பதிலுரை, பாட்டு, உடலசைவு இவற்றோடு மௌனத்தையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. பாடகர் குழுக்களை வளர்க்கச் சொல்லிவிட்டு, மக்களுக்குரிய பாட்டு மக்களிடமே இருக்கும்படி பார்த்துக்கொள்ளவும் சொல்கிறது. அந்த வரிசையில்தான் என் விடையும் இருக்கிறது. பாடகர் குழுவின் திறமைக்கு முதல் வேலை சபையைப் பாட வைப்பது; அதன் பிறகு மற்றவை. சிறந்ததைக் கொடுக்க வேண்டும் என்பது சரி. யாருடைய சிறந்தது? கடைசி பெஞ்சிலிருப்பவர் தன்னால் முடிந்த அளவு சுருதி சேர்த்துப் பாடும்போது அதுவே அவருடைய சிறந்தது. அவருக்குப் பதிலாக இன்னொருவர் அதைக் கொடுத்துவிட முடியாது. ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் ஜெபிக்கலாம்; ஒருவரின் துதியை இன்னொருவர் செய்ய இயலாது.

இளைஞர்கள் போய்விடுவார்களே என்பது அடுத்த கவலை. புதுப் பாட்டை எதிர்ப்பது என் வாதத்தில் அடங்காது. வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒரு காலத்தில் புதுப் பாட்டுக்காரர்தான். பெந்தெகொஸ்தே சபைகள் தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டுக்குச் செய்த நன்மையை மற்ற சபைகள் தாராளமாக ஒப்புக்கொள்ள வேண்டும். சாராள் நவரோஜியின் பாடல்களும், பெர்க்மான்சின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ வரிசையும் எல்லாச் சபைகளிலும் நுழைந்ததற்குக் காரணம் விளம்பரம் மட்டும் அல்ல. எளிய தமிழ், எட்டும் சுருதி, கைதட்டிப் பாட ஏற்ற நடை, புத்தகம் தேவையில்லாத நீளம். முழு இரவு ஜெபத்தில் விளக்கணைந்தாலும் பாட்டு நிற்காது. இந்தப் பாடல்களிலும் பல்லவியின் பழைய அறிவு மறைந்திருக்கிறது. இளைஞர்கள் மேடையைப் பார்த்து மயங்கித்தான் வருவார்கள் என்று எண்ணுவது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவது. கிறிஸ்துமஸ் காலத்தில் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது ஸ்பீக்கரும் இல்லை, திரையும் இல்லை. தெருவில் பனியில் நடந்து விடிய விடியப் பாடுகிறவர்கள் இளைஞர்கள்தான். அவர்களுக்கு வேண்டியது செய்வதற்கு ஒரு வேலை. உணர்ச்சியைத் தூண்டி ஆட்டிவைப்பதாகப் புதுப் பாட்டின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டு பழைய பாட்டுக்கும் பொருந்தும். இசையின் இன்பம் தன்னைப் பொருளிலிருந்து திசை திருப்புகிறதோ என்று அகஸ்டினே வருந்தியிருக்கிறார். ஆனாலும் மனம் தளர்ந்தவரைப் பாட்டு தூக்கிவிடுகிறது என்பதால் அந்த வழக்கத்தை ஆதரித்தார். அவர் எடுத்த முடிவு போதுமானது.

மேல்நாட்டு மெட்டா நம் ராகமா என்ற சண்டையில் நான் ஒரு பக்கமும் சேர மாட்டேன். இப்போது இதே மாவட்டத்தில் உள்ள திருத்தணியில்தான் முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதிகளை இயற்றியதாக இசையுலகம் போற்றுகிறது. சென்னைக்கு வடக்கே மணலி ஜமீனில் அவர் குடும்பம் வாழ்ந்தபோது, கோட்டையில் வாசித்த ஐரோப்பிய பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் தெய்வப் பாடல்கள் எழுதினார். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டும் அவற்றில் ஒன்று. நோட்டு ஸ்வர சாகித்தியம் என்று அவற்றை இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறார்கள். மெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டு அவர் தயங்கவில்லை. சபையும் தயங்க வேண்டாம். கேட்க வேண்டியது வேறு: மக்கள் வாயில் அது நிற்கிறதா, தமிழ்ச் சொல் உடையாமல் வருகிறதா?

மேல்நாட்டு மெட்டுக்கு இந்தத் தொழிற்பேட்டையில் புதிதாக ஒரு பயனும் வந்திருக்கிறது. சிப்காட்டில் இன்று வேலை செய்கிறவர்களில் ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம் மாநிலத்தவர் ஏராளம். ஜார்கண்டில் 1845 முதல் லுத்தரன் மிஷன் வேலை நடந்திருக்கிறது. அந்தப் பின்னணியுள்ள முண்டா, ஒராவோன் கிறிஸ்தவர்களும், ஒடிசாவின் மலைப்பகுதிச் சபையாரும் வேலை தேடித் தெற்கே வருகிறார்கள். 1990 முதல் கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. தமிழ்ப் பிரசங்கம் வடநாட்டுத் தொழிலாளிக்குப் புரியாது. ஆனால் திருச்சியில் 1826இல் உயிர்நீத்த ஆயர் ஹீபர் எழுதிய திரித்துவப் பாட்டு, டைக்ஸ் 1861இல் அமைத்த மெட்டோடு தமிழிலும் இருக்கிறது, இந்தியிலும் இருக்கிறது. ஒரே ஆலயத்தில் ஒரே நேரத்தில் இருவரும் அவரவர் மொழியில் பாடலாம். அசைக்கணக்கு மாறாத மெட்டு என்பதால் குரல்கள் மோதிக்கொள்ளாது. அல்லேலூயா, ஓசன்னா, ஆமென் போன்ற சொற்கள் எல்லா மொழிக்கும் பொது. அவற்றை மையமாக வைத்த சிறு பாட்டுகள் எத்தனையோ உண்டு. பிரான்சின் தேசே துறவிகள் பல நாட்டு இளைஞர்களுக்காக இதைத்தான் செய்கிறார்கள்: ஓரிரு வரி, திரும்பத் திரும்ப, பல மொழிகளில்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் தேவைப்படாது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது. சுருதியை ஒன்றரைக் கட்டை இறக்கிப் பார்க்கலாம். ஒரு சரணத்துக்கு வாத்தியங்களை நிறுத்திவிட்டால் சபை தன் குரலைத் தானே கேட்கும். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு புதுப் பாட்டு போதும். அதை ஆராதனைக்கு முன் ஐந்து நிமிடம் வரி வரியாகக் கற்றுக்கொடுக்கலாம், அந்நாளில் உபதேசியார் செய்ததைப்போல. திரையில் தமிழ் வரியின் கீழே தேவநாகரியில் இன்னொரு வரி சேர்க்க ஒரு பள்ளி மாணவி போதும். பாட்டுக் குழுவினரில் ஒருவர் வாரம் ஒருமுறை மேடையை விட்டு இறங்கிக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவர் எந்த வரியில் பாடுவதை நிறுத்துகிறார் என்று குறித்துக்கொண்டு வந்தால், அடுத்த வாரம் சுருதியை எங்கே வைப்பது, எந்தப் பாட்டை விடுவது என்பதை வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.